நாலரைக் கட்டையில் ஓர் எக்காளம்

ஆசீர்விளையில் கடைசி எக்காளம் ஊத ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் சபைக் கமிட்டிச் செயலாளர் அருமைநாயகம் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையோடும் சலூன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், மீன்காரர் பஜார் முக்கில் வண்டியை நிறுத்தி நேற்றைய சாளையை இன்றைய சாளை என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார், ஞானராஜ் ஐயர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தலைப்பு அகப்படாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐயர் என்றால் சபைப் போதகர். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இந்த மூன்று பேருக்கும், ஊரில் இருந்த இன்னும் ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே நொடியில், உச்சி வானத்திலிருந்து நீளமாக, நிதானமாக, எங்கேயும் பிசிறடிக்காமல் ஒற்றை ஸ்வரம் ஒன்று கேட்க ஆரம்பித்தது.

அருமைநாயகத்துக்கு முதல் சந்தேகம் தன் ஆம்ப்ளிஃபயர்மேல்தான் வந்தது. கல்யாணமோ சாவோ கன்வென்ஷன் கூட்டமோ, அந்த ஊரில் எது நடந்தாலும் பந்தலும் மைக்செட்டும் 'அருமை சவுண்ட் சர்வீஸ்'தான். அதனால் ஊரில் எந்தச் சத்தம் கேட்டாலும் தன்னைத்தான் வைவார்கள் என்பது அவருடைய நாற்பது வருஷ அனுபவம். கழுத்தில் துண்டோடும் கன்னத்தில் நுரையோடும் கடைக்கு ஓடி, செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, மெயினையும் அணைத்துவிட்டு நின்று பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. வெளியே வந்தால் பஜார் முழுக்க அண்ணாந்து நின்றது. இது என்ன சத்தம் என்று ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்கவில்லை. சண்டே ஸ்கூலில் சேர்ந்த நாள் முதலாக உலக முடிவில் ஊதப்போகிற இந்த எக்காளத்தைப் பற்றித்தானே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள், இதைப் போய் ரயில் என்றா நினைப்பார்கள்.

ஊரே கோயில் மைதானத்தில் கூடிவிட்டது. பெண்கள் பாதி வழியில் திரும்பி ஓடி வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள், நியாயத்தீர்ப்புக்கு மசாலா வாடையோடா போய் நிற்பது. மணியடிக்கிற கோயில்குட்டியார், செத்தவர்கள் எழும்புகிறார்களா என்று கல்லறைத் தோட்டத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கல்லும் அசையவில்லை, இரண்டு ஆடுகள்தான் மேய்கின்றன என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்றார்கள், இரண்டு மணி நேரம் நின்றார்கள், வானம் திறக்கவுமில்லை, சத்தம் நிற்கவுமில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவதி, கர்த்தர் வரும்போது வரட்டும், அடுப்பில் உலை கொதித்து வற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தாள். மூன்று மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாதிப் பேர் அந்தச் சத்தத்திலேயே ஒரு சின்னத் தூக்கமும் போட்டார்கள்.

ஆனால் மைதானத்தில் நின்ற அந்த இரண்டு மணி நேரமும் ஊரே வானத்தைப் பார்த்திருக்க, அருமைநாயகம் மட்டும் லீதியாளின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். லீதியாளுக்கு நாற்பத்திநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, பஜாரில் மக்ரூன் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா பொன்னையா, கமிட்டித் தேர்தலில் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் அருமைநாயகத்தைத் தோற்கடித்தார். தோற்றவருக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு ஒரு சாயங்காலம் கோயில் அலமாரிப் பக்கம் போனவர், கைக்கு எட்டிய சண்டே ஸ்கூல் ரிஜிஸ்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இடது கையால், பொன்னையா மகளுக்குக் காக்காய் வலிப்பு உண்டு, விசாரித்துப் பெண் எடுக்கவும் என்று எழுதி, லீதியாளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தபாலில் போட்டார். பந்தல்கால் நட்ட பிறகு கல்யாணம் நின்றது. அந்தப் பந்தலைப் பிரித்ததும் அருமைநாயகம்தான்.

கதை அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த ரிஜிஸ்டரை வைத்திருந்தது பொன்னையாவின் கூடப்பிறந்த தம்பி தங்கப்பழம். மாப்பிள்ளை வீட்டார் மொட்டைக் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தபோது பொன்னையா தாளைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், கிழிந்த ஓரம் பொருந்தியது, தம்பி வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். பதிமூன்று வருஷம் பேச்சில்லாமல் இருந்து, பேச்சில்லாமலே செத்தும் போனார். அடக்கத்தன்று தங்கப்பழத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. மனிதர் சுவருக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். உள்ளே ஐயருக்கு மைக் பிடித்துக்கொண்டு நின்றவர் அருமைநாயகம். இதெல்லாம் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரும் மேலே ஊதுகிறவரும் என்று சொல்ல வேண்டும்.

சரி, ஊர்க்கதைக்கு வருவோம். மூன்றாம் நாளுக்குள் ஆசீர்விளை எக்காளத்துக்குப் பழகிவிட்டது, மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை. பாடகர் குழுத் தலைவர் ஆர்மோனியத்தை வைத்துப் பார்த்து அது சுத்தமான நாலரைக் கட்டை என்று கண்டுபிடித்தார். தாங்கள் நாற்பது வருஷமாக எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை தாழ்த்திப் பாடி வந்தது தெரிந்து அவருக்கு ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தொட்டிலை ஆட்டாமலே பிள்ளைகள் தூங்கின. ஊருக்குத் தெற்கே ஓடைப் பாலத்தைத் தாண்டினால் சத்தம் சுத்தமாகக் கேட்காது. அதனால் தலைவலி பிடித்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள், ஆனால் எக்காளம் முடிகிற நேரத்தில் ஊரில் இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் பதினோராவது நிமிஷம் ஓடியும் வருவார்கள். பேராயர் அலுவலகத்துக்கு ஐயர் தகவல் எழுதிப்போட, மேற்படி எக்காளம் எந்தத் தேதியில் நிறைவு பெறும் என்று தெரிவிக்கவும் என்று பதில் வந்தது.

நிறைவு பெற்றதும் நியாயத்தீர்ப்பு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆக, ஏற்பாடு செய்ய வேண்டியதுதானே? ஆசீர்விளைக்காரர்களுக்கு ஒருத்தர் வருகிறார் என்றால் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும், பேராயர் வந்தபோதெல்லாம் செய்திருக்கிறார்கள். அருமைநாயகம் தலைமையில் வரவேற்புக் கமிட்டி அமைந்தது. கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள், பஜார் முக்கில் வாழைமரம் கட்டி அலங்கார வளைவு போட்டார்கள், ரோட்டுப் பள்ளத்தில் செம்மண் கொட்டினார்கள். நியாயாதிபதிக்குச் சந்தன மாலையா ரோஜா மாலையா, பொன்னாடை போர்த்தினால் எந்தத் தெருக்காரர் போர்த்துவது, அசனம் என்கிற ஊர்ப் பந்திக்கு ஆட்டுக்கறியா சாம்பாரா என்று ஐந்து நாள் கூட்டம் நடந்தது. வரவேற்பு மடலை வாசிக்கிற உரிமை செயலாளருக்கே என்று தீர்மானமாயிற்று. வருகிறவர் வளைவைப் பார்க்க வரவில்லையே என்று இளவயது ஐயர் மெதுவாக எடுத்துச் சொன்னதற்கு, வளைவு போட்டால் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று கமிட்டி கேட்டது.

எக்காளத்தின் விவகாரம் புரிந்தது பத்தாம் நாள்தான், அதுவும் ரோஸ்பாய் என்ற பெண்பிள்ளையால். ரோஸ்பாய் மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு உருளியை ஒரு கிறிஸ்துமசுக்கு இரவல் வாங்கினவள், கொடுத்தாயிற்று கொடுத்தாயிற்று என்று சாதித்து, அந்த வீட்டு மருமகள்தான் தொலைத்திருப்பாள் என்று ஒரு பேச்சையும் கிளப்பிவிட்டிருந்தாள். வளைவையும் செம்மண்ணையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு உருளி ஞாபகமாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் பரணிலிருந்து அதை இறக்கி, புளி போட்டு விளக்கி, பட்டப்பகலில் தலையில் சுமந்துகொண்டு போய் அந்த மருமகளிடமே கொடுத்து, நான்தான் வைத்திருந்தேன், உன்மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பிய இடத்தில் அப்படியே நின்றாள். எக்காளம் அவளுக்குக் கேட்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. குருவிச் சத்தம் கேட்டது, தூரத்தில் பஸ் கேட்டது, பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. ரோஸ்பாய் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள், நல்ல அழுகைதான்.

அதற்குப் பிறகு ஆசீர்விளைத் தெருக்களில் ஏற்பட்ட நெரிசல் திருவிழாவுக்குக்கூட ஏற்பட்டதில்லை. பரணிலும் கட்டிலடியிலும் கிடந்ததெல்லாம் சொந்தக்காரர்களைத் தேடிப் புறப்பட்டன. வேலிக்கல் பழைய இடத்துக்கு நகர்ந்தது, நேற்றைய சாளை நேற்றைய சாளையாகவே விற்றது. மாமியார் மருமகளிடமும் மருமகள் நாத்தனாரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். தப்புச் செய்ததே தெரியாமல் இருந்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஓகோ அது நீதானா என்று புதுச் சண்டை வந்ததும் உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுது, சத்தம் நின்று, நிம்மதியாகக் காப்பி குடிக்கும்போது, முதலில் பேச்சை நிறுத்தியது யார் என்று ஒரு வார்த்தை வந்து, இரண்டு பேர் காதிலும் எக்காளம் மறுபடி கிளம்பி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கட்டிப்பிடித்தார்கள். ஐயரும் சும்மா இருக்கவில்லை; தன்னுடைய கிறிஸ்துமஸ் பிரசங்கம் மூன்றும் வேறொருவர் பிரசங்கம் என்று பீடத்தில் நின்றே சொன்னார். சபையார் அதை ஏற்கனவே தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

இப்படி ஒவ்வொருத்தருக்காகச் சத்தம் அவிய, இன்னும் கேட்கிறவர்கள் யார் என்று ஊர் கணக்காகப் பார்க்க ஆரம்பித்தது. கேட்கவில்லை என்று பொய் சொல்லலாம்தான், சொல்லவும் செய்தார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. காதுக்குள் எக்காளம் ஊதிக்கொண்டிருக்கிறவன் அதற்கு மேலே குரலை ஏற்றித்தான் பேசுவான், அவனுக்கே தெரியாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒருவன் கத்திச் சொன்னால் எதிரே இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் ஊர் முழுக்க மெதுவாகப் பேசியது. கத்திப் பேசுகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அதில் கட்டைவிரல் அருமைநாயகம்.

தொழில் அப்படி, ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது என்று அவர் கத்தி விளக்கம் சொன்னார். வீட்டுக்குள் என்னென்னவோ முயற்சி பண்ணிப் பார்த்தார். மனைவி ஜோதிபாயிடம், உன் நகையைக் குறை சொன்னதற்கு, உன் தம்பியைக் கேலி பண்ணினதற்கு என்று ஒன்று விடாமல் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் உபவாசம் இருந்தார். கடைசியில், தெரிந்தோ தெரியாமலோ நான் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் எக்காளம் இரண்டு பங்காக ஏறி, மனிதர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாமல் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறவனை ஊர் ஏற்றுக்கொள்ளும். ஊதுகிறவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

இதற்கிடையில் எக்காளம் முடிந்துபோனால் என்ன செய்வது என்ற பயம் அவரைத் தின்றது. ஊரில் அநேகம் பேருக்குக் கேட்காத அந்தச் சத்தத்தை அவர் நிமிஷத்துக்கு நிமிஷம் கவனித்தார், மெலிகிறதா, தடுமாறுகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று. முடிந்த நொடியில் எல்லோர் முன்னாலும் வரவேற்பு மடலோடு தான்தான் முதலில் நிற்க வேண்டும், நின்றால் வருகிறவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைப் பற்றித்தான் என்று நினைக்கும்போதெல்லாம் கையிலெடுத்த மடலை மறுபடி மேஜைக்குள்ளேயே வைத்தார். ஒரு காலையில் தோசையைப் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தவரிடம் ஜோதிபாய் சொன்னாள்:

"என்ன செஞ்சீயன்னு நான் கேக்க மாட்டேன். யாருக்குச் செஞ்சீயன்னு எனக்குத் தெரியும். இருபது வருஷமா இந்த வீட்டுக்கு மக்ரூன் வருது, ஒரு நாளும் நீங்க போய் வாங்குனதில்ல. இன்னைக்குப் போய் வாங்கிட்டு வாங்க."

அருமைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர் போட்ட திட்டம் இதுதான்: காலை பத்து மணிக்கு லீதியாள் முட்டை அடித்து முடித்து தனியாக அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள், கடையில் கூட்டம் இருக்காது, குனிந்து, காதோரமாக, இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு, அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொண்டு, கால் கிலோ மக்ரூனோடு திரும்பிவிடுவது. ஊருக்குத் தெரியாமல் முடிந்துவிடும். பதவிக்கும் பங்கமில்லை, மடலையும் வாசிக்கலாம்.

அப்படியேதான் போனார், அப்படியேதான் குனிந்தார். ஆனால் அந்த வாசலில் காலை வைத்ததும் எக்காளம் அவர் மண்டைக்குள்ளேயே நின்று ஊதியது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ரகசியமாகச் சொல்கிறோம் என்று நினைத்து அவர் சொன்னது, நாற்பது வருஷம் மைக் டெஸ்டிங் பண்ணின தொண்டையிலிருந்து முழுப் பலத்தோடு புறப்பட்டு, பஜார் முழுக்கக் கேட்டு, தேரிக்காட்டில் பனைக்கு மேல் இருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"லீதியாளு, உன் கல்யாணத்த நிறுத்துன மொட்டக் கடுதாசிய எழுதுனது நான்தான். உங்க சித்தப்பா இல்ல. ரிஜிஸ்டர்ல தாள் கிழிச்சது நான். உங்கப்பா எலெக்சன்ல ஜெயிச்ச ஆத்தாமையில செஞ்சேன். உன் சித்தப்பாமேல பழி விழுந்தப்பவும் வாயத் தொறக்காம இருந்தேன். அவர சுவத்துக்கு வெளிய நிறுத்துனப்ப நான் உள்ள மைக்கப் பிடிச்சிட்டு நின்னேன்."

சுவர் என்கிற வார்த்தைக்கும் மைக் என்கிற வார்த்தைக்கும் நடுவில் எங்கேயோ எக்காளம் நின்றுபோயிற்று. அவர் கவனிக்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தார். கடைசி வாக்கியம் முடிந்த பிறகுதான் பஜாரின் அமைதி அவர் காதில் விழுந்தது. தையல் மிஷின் ஓடவில்லை, டீக்கடையில் ஆற்றவில்லை, சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி வாசலில் நின்றார். அருமைநாயகத்துக்கு ஒரு நிமிஷம் மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது, அதே நேரத்தில் இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாக மூச்சு விடவும் முடிந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது தங்கப்பழம். எழுபத்தைந்து வயது, முழங்கால் வாதம், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து ரோட்டைக் கடந்து வந்து அருமைநாயகத்தின் முன்னால் நின்றார்.

"நீதானாடே?" என்றார். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே எழுதிட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகம் கோணிப்போய், மேல்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அண்ணே அண்ணே என்று அழ ஆரம்பித்தார். அருமைநாயகம் அவர் காலைப் பிடித்தார். சபைக் கமிட்டிச் செயலாளர் நடுபஜாரில் ஒருவர் காலைப் பிடித்துக் கிடந்ததை ஊர் பார்த்தது, பார்த்தவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிழவர் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி, எந்திரிடே, முட்டி வலிக்கும் என்றார்.

லீதியாள் மாவு ஒட்டின கையோடு எழுந்து நின்றிருந்தாள். எக்காளம் நின்றவர்களில் அவளும் ஒருத்தி, இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. மெல்லிய குரல்காரி, பாடகர் குழுவில்கூட அவள் பாடுவது பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் இப்போது வாயைத் திறந்தபோது கடையிலிருந்த கண்ணாடிப் பாட்டில்கள் அதிர்ந்தன.

"கல்யாணம் நின்னதுக்கு நான் அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன். அந்த மாப்பிள்ளைய நெனச்சு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்ல. எங்கப்பா கூடப்பொறந்த தம்பிகூடப் பேசாமலே செத்தாவளே, அதுக்கு நான் எங்க போய் அழுவேன்? எங்க போய் அழணும், சொல்லுங்க."

ஊர் திடுக்கிட்டது அவள் கேட்ட கேள்விக்கு இல்லை, கேட்ட சத்தத்துக்கு. அவளும் தன் சத்தத்தைக் கேட்டு நின்றாள், மெதுவாகக் கையைத் தூக்கிக் காதில் வைத்தாள், அண்ணாந்து பார்த்தாள். அருமைநாயகத்துக்கு நின்ற எக்காளம் அவளுக்கு மறுபடி ஆரம்பித்திருந்தது.

இப்படி ஒரு கொடுமையை யாரும் எதிர்பார்க்கவில்லை. தப்புச் செய்தவனுக்கு நின்றுவிட்டது, அனுபவித்தவளுக்குக் கேட்கிறதே, இது என்ன நியாயம் என்று பெண்கள் ஐயரைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னிக்கிறவர்களுக்குத்தான் மன்னிப்பு என்று ஐயர் ஆரம்பித்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்று முடித்தார். சொந்தமாகத் தயாரித்த பிரசங்கம் என்பதால் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது.

அருமைநாயகம் செயலாளர் பதவியை அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தார், வரவேற்பு மடலையும் மடித்துக் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு வருத்தமில்லை, ஊதுகிற சத்தம் போன வீட்டில் சாதம் கொதிக்கிறதைக்கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது, பழைய பயத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல. முந்தா நாள்வரை இந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று கிடந்தவர், இப்போது முழங்காலில் நின்று, ஆண்டவரே, ஊதுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சைக் கொடும், அவள் மன்னித்து முடிக்கிறவரைக்கும் நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சினார். தன்னால் அல்லவா அந்தப் பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லீதியாள் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். இன்னும் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்று அவள் தெருமுனைவரை கேட்கக் கத்தினாள். நல்லது, நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். நீங்கள் வந்து நின்றால் எனக்கு ஆத்திரம் கூடத்தான் செய்கிறது என்று அவள் கத்தினாள். அப்படியானால் பாலத்தடியில் நிற்கிறேன், கேட்கிறதா என்று மட்டும் ஆள் விட்டுச் சொல்லு என்றார். பாலத்தடியில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள், இங்கேயே நின்று தொலையுங்கள் என்றாள். நின்றார். நாலாம் நாள், முட்டைக்கூடை தூக்கக் கையில்லாமல் அவள் திணறியபோது எடுத்து உள்ளே வைத்தார், அதற்கும் கத்து வாங்கினார். ஆறாம் நாள் அவள் தன் அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் கத்தினாள். அவருக்கு முந்திரிக்கொத்து பிடிக்கும் என்பது முதல், சாகிற அன்றைக்கு இரண்டு தடவை 'தங்கம்' என்று கூப்பிட்டதும், கூப்பிட்டது தம்பியைத்தான் என்று தெரிந்தும் தான் ஆள் அனுப்பாமல் இருந்ததும் வரைக்கும். கடைசியில் சொன்னதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அருமைநாயகம் நின்று கேட்டார். ஊரும் கேட்டது, அத்தனை சத்தம்.

ஊரில் மற்ற எல்லோருக்கும் அதற்குள் எக்காளம் அவிந்துவிட்டது. அந்த ஒற்றைப் பெண்ணுக்காக மட்டும் மேலே ஒருவர் ஊதிக்கொண்டே இருக்கிறார் என்பதை நினைத்து ஆசீர்விளைக்காரர்கள் இரவு ஜெபத்தில் அவருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள், பாவம், எவ்வளவு நேரம்தான் ஊதுவார். வளைவிலிருந்த வாழைமரம் காய்ந்து, மாற்றிக் கட்டினார்கள்.

பதினோராம் நாள் காலையில் அருமைநாயகம் போனபோது கடைக்குள்ளே தங்கப்பழம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முழங்காலில் லீதியாள் கொடுத்த வெந்நீர்த் துணி இருந்தது. அவள் தட்டில் மக்ரூனை வரிசையாகப் பிழிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அருமைநாயகம் வாசற்படிக்குக் கீழே தன் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, கத்துக்காகக் காதைத் தயார்படுத்திக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. அவள் உதடு அசைந்தது மாதிரி மட்டும் இருந்தது. என்ன சொன்னாள் என்று தெரியாமல் அவர் ஒரு படி ஏறினார். அவள் மறுபடியும் சொன்னாள், அப்போதும் விழவில்லை. இன்னொரு படி ஏறி, தலையைக் குனிந்து, கடைக்குள்ளேயே வந்து நின்றார்.

அடுத்த கடைக்குக்கூடக் கேட்காத குரலில் லீதியாள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்:

"உக்காருங்க மாமா. காப்பி ஆறுது."